சான்றிதழில் அவள் பெயரும் வேண்டும்

இயற்கை வேளாண் சான்றளிப்பு அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். குடும்பமாக இயற்கை உணவுத் தொழில் நடத்தும் பெண் நான். விளைச்சல் வீட்டாரின் நிலத்திலிருந்து வருகிறது. அதை உலர்த்தி, அரைத்து, பொட்டலமிட்டு, வாங்குவோரைத் தேடிப்பிடித்து விற்பது என் பொறுப்பு. நீங்கள் தரும் சான்றிதழிலோ நிலத்துக்கு உரியவர் பெயர் மட்டுமே இருக்கிறது.

ஆய்வாளர் வரும் நாளை எண்ணிப் பாருங்கள். எந்த மூட்டை எந்த வயலில் விளைந்தது? சாதாரணச் சரக்கு அரைத்தபின் இயந்திரத்தை எப்படிக் கழுவினீர்கள்? கிடங்கில் பூச்சி வந்தால் என்ன செய்கிறீர்கள்? உள்ளே வந்த எடையும் வெளியே போன எடையும் ஒத்துப்போகின்றனவா? அத்தனைக்கும் பதில் என் பதிவேட்டில்தான் இருக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஓர் உணவை இயற்கை உணவு என்று விற்க, தண்ணீரும் உப்பும் நீங்கலாக, அதன் சேர்மானங்களின் எடையில் 95 விழுக்காடாவது சான்று பெற்ற விளைச்சலாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதிக்கும் அந்தக் கணக்கைப் போட்டு வைப்பவளிடம் கடைசியில் கையெழுத்துகூடக் கேட்பதில்லை.

நிலத்துக்குத்தானே சான்று என்பீர்கள். பதப்படுத்தும் கூடத்துக்கும் நீங்கள்தான் சான்று தருகிறீர்கள். அந்தக் கூடத்தை நடத்துபவர் யார் என்று படிவத்தில் கேட்டாலே போதும்.

ரசாயன வேளாண்மையிலிருந்து இயற்கை வேளாண்மைக்கு மாறும் மாற்றக் காலத்தையும் நினைத்துப் பாருங்கள். பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 1999-இல் வகுத்த வழிகாட்டுதலின்படி ஆண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன் 2 ஆண்டுகள், மரப்பயிருக்கு முதல் அறுவடைக்கு முன் 3 ஆண்டுகள். ரசாயனத்தை நிறுத்தியாயிற்று, விளைச்சல் இறங்குகிறது, இயற்கை விளைபொருளுக்கு உரிய விலையோ இன்னும் கைக்கு வரவில்லை. வீட்டுச் செலவைச் சுருக்கி, அந்தச் சரக்கைச் சாதாரண விலைக்கே விற்று, வாடிக்கையாளரைக் கைவிடாமல் காப்பவள் பெரும்பாலும் பெண்தான். பிறகு நிலம் பாகம் பிரிந்தாலோ மணவாழ்க்கை முறிந்தாலோ சான்று நிலத்தோடு போய்விடுகிறது. வங்கியில் காட்ட, புதிய கொள்முதலாளரிடம் நீட்ட, அவளிடம் ஒரு தாள்கூட மிஞ்சுவதில்லை. எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

உலகெங்கும் வேளாண் நிலத்தைத் தம் பொறுப்பில் வைத்திருப்போரில் பெண்கள் 15 விழுக்காட்டுக்கும் குறைவு என்கிறது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு. நிலப் பத்திரத்தைத் திருத்தும் அதிகாரம் உங்களிடம் இல்லை. விண்ணப்பப் படிவம் உங்களுடையது. இயற்கை வேளாண் இயக்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஐஃபோம் 2005-இல் ஏற்ற நான்கு கோட்பாடுகளில் ஒன்று நியாயம். அதை வயலோடு நிறுத்தாதீர்கள்.

தொழிலை நடத்தும் பெண்ணை இணைச் சான்றுதாரராகப் பதியுங்கள். ஆய்வு முடிவில் அவளையும் உட்காரவைத்துப் பேசி, அறிக்கையில் அவள் கையெழுத்தையும் வாங்குங்கள். விவசாயிகளே ஒருவரையொருவர் சரிபார்க்கும் பங்கேற்பு உத்தரவாத முறையிலும், நிலம் தன் பெயரில் இல்லாத பெண்ணுக்குக் குழுவில் முழு உறுப்புரிமை கொடுங்கள். அவள் விலக நேர்ந்தால், அத்தனை ஆண்டும் அந்தக் கூடத்தைத் தரம் குன்றாமல் நடத்தியவள் என்று உங்கள் முத்திரையோடு எழுதிக் கொடுங்கள்.

படிவத்தை மாற்றி எழுத உட்காரும்போது எங்களையும் அழையுங்கள். பதிவேடுகளோடு வருகிறோம்.

இப்படிக்கு,
குடும்பத் தொழில் நடத்தும் ஒரு பெண்