கார் ஷெட்டும் வீடும் சேரும் இடம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்கு வேலை உறுதியானதையும் அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததையும் படித்ததில் எங்கள் எல்லோருக்கும் மிகுந்த மகிழ்ச்சி. இங்கே அனைவரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டதால் வெளியே போக வேண்டுமென்றால் சக்கர நாற்காலிதான். தனியாக நின்ற எங்கள் கார் ஷெட்டை வீட்டோடு இணைத்ததற்கு அதுவே முதற்காரணம். நீயும் வீட்டை ஒட்டி ஷெட் கட்டி, அம்மா மழையில் நனையாமல் காரிலிருந்து நேரே உள்ளே வர வழி வைக்கப்போவதாக எழுதியிருப்பதால், இந்த வேலையை அருகிலிருந்து கவனித்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எந்த ஷட்டர் போடுவது, தரைக்கு என்ன டைல்ஸ் என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். அவற்றைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். வீடும் ஷெட்டும் சேரும் இடத்தில் செய்வதைத்தான் பின்னால் மாற்றுவது கடினம். விரிசல், மழைநீர், புகை ஆகிய மூன்றும் அந்த ஓரிடத்தின் வழியாகத்தான் வீட்டுக்குள் வரும்.

முதலில் சுவர். உன் வீட்டு அஸ்திவாரம் பல ஆண்டுகளாகப் பாரம் தாங்கி, அமுங்க வேண்டிய அளவுக்கு அமுங்கி நிலைகொண்டுவிட்டது. புதிய அஸ்திவாரம் இனிமேல்தான் அமுங்கத் தொடங்கும். பழைய சுவரைக் கொத்தி அதில் புதுச் செங்கல்லைக் கோத்துக் கட்டினால், ஒன்று நிற்க மற்றொன்று இறங்கி, சேரும் இடத்தில் விரிசல் விடும். எத்தனை முறை பூசினாலும் அது மறுபடி தெரியும். ஆகவே புதுச் சுவர் தன் காலில் தனியாக நிற்கட்டும். இரண்டுக்கும் இடையே 20 முதல் 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதில் தெர்மகோல் தகட்டை வைத்து, வெளி விளிம்பை நெகிழும் தன்மையுள்ள சீலன்டால் மூடச் சொல். சிமெண்ட் கலவையால் அடைக்க விடாதே. பழைய அஸ்திவாரத்தை ஒட்டி, அதன் அடிமட்டத்தைவிட ஆழமாகத் தோண்டவும் கூடாது. வீட்டைத் தாங்கி நிற்கும் மண் சரிந்துவிடக்கூடும். தோண்டத் தொடங்கும் முன் ஒரு பொறியாளர் வந்து பார்ப்பது கட்டாயம் என்றே நினைக்கிறேன்.

மேலே, ஷெட்டின் கூரை வீட்டுச் சுவரைத் தொடும் கோட்டில் வீட்டுச் சுவரில் ஒரு காடி, அதாவது நீளமான பள்ளம், வெட்டி, அலுமினியத் தகட்டின் ஒரு விளிம்பை அதனுள் செருகி, மறு விளிம்பு கூரையின் மேல் படிந்து நிற்குமாறு மடிக்க வேண்டும். மறு விளிம்பை இறுக்கக் கூடாது. இரண்டு கட்டடமும் சிறிதளவு அசைந்தாலும் தகடு கிழியாமல், தண்ணீர் கீழே இறங்காமல் இருக்கும்.

இனிப் புகை. என்னை மிகவும் கவலைப்படுத்தியது இதுதான். கார் எஞ்சினிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட அதை இருநூறு மடங்குக்கும் மேலான வலுவோடு பற்றிக்கொள்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பினால் அது அதிகமாக வெளிவரும். ஷட்டர் திறந்திருந்தாலும் முழுவதும் வெளியேறிவிடும் என்று நம்ப முடியாது. சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது வீட்டின் காற்று வெளியே தள்ளப்படுவதால், அதற்கு ஈடான காற்றை வீடு எங்கே சந்து கிடைக்கிறதோ அங்கிருந்து இழுத்துக்கொள்ளும். எங்கள் இணைப்புக் கதவு புதிதாகப் பொருத்தியிருந்த நேரம், சமையலறை ஃபேனைப் போட்டுவிட்டு, கதவின் கீழ்ச் சந்தருகே எரியும் ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தேன். நேராக எழும்பிக்கொண்டிருந்த புகை வளைந்து, தரையோடு படுத்து, நூல் போல வீட்டுக்குள் நுழைந்தது. கதவின் நான்கு பக்கமும் ரப்பர் பட்டை ஒட்டி, குழாயும் ஒயரும் சுவரைத் துளைத்துச் செல்லும் ஓட்டைகளை அடைத்த பிறகுதான் அது நின்றது.

பெட்ரோல் ஆவியையும் மறந்துவிடாதே. அது காற்றைவிடக் கனமானதால் தரையோடு தேங்கும். ஷெட்டின் தரை வீட்டின் தரையைவிட 10 முதல் 15 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும் என்பதற்குத் தண்ணீரோடு இதுவும் ஒரு காரணம். சுவிட்ச், பிளக் எல்லாம் தரையிலிருந்து 45 சென்டிமீட்டருக்கு மேலேயே இருக்கட்டும்.

ஆனால் அந்தப் படி வயதானவர்களுக்கு இடைஞ்சல் ஆகிறது. சக்கர நாற்காலிக்கான சரிவு 1:12 என்ற விகிதத்தில் இருந்தால்தான் பாதுகாப்பு; அதாவது 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு 1.2 மீட்டர் நீளம், 15 சென்டிமீட்டருக்கு 1.8 மீட்டர். நேரடியாக ஒரே கதவு வைத்தால் இந்தச் சரிவுக்கு இடம் கிடைக்காது. அதனால்தான் நாங்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சிறிய நடையை, அதாவது நடைபாதை போன்ற இடத்தை, கட்டி, இரு முனையிலும் கதவு வைத்தோம். சரிவு அந்த நடைக்குள் அடங்கிவிட்டது. ஒரு கதவு திறக்கும்போது மற்றொன்று மூடியிருப்பதால் புகையும் உள்ளே வருவதில்லை. உன் மனையில் இடம் இருந்தால் இதையே செய் என்று வற்புறுத்துவேன். ஷெட்டுப் பக்கத்துக் கதவு கனமான கட்டைக் கதவாக, தானே மூடிக்கொள்வதாக, 90 சென்டிமீட்டர் திறப்பு உள்ளதாக இருக்கட்டும். எந்தக் காரணத்தாலும் அது படுக்கையறைக்குள் திறக்கக் கூடாது.

அகலத்தில் சிக்கனம் பார்க்காதே. 3 மீட்டர் போதும் என்று மேஸ்திரி சொல்வார். கார் 1.8 மீட்டர் அகலம் என்றால் பக்கத்துக்கு 60 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். கதவை முழுதாகத் திறந்து அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்க அது போதாது. உள்ளளவு 3.6 மீட்டராவது வை. நீளம் 6 மீட்டர் இருந்தால் நல்லது.

தரைக்கு ஷட்டரை நோக்கி வாட்டம் வேண்டும். மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்றால் 6 மீட்டருக்கு 6 சென்டிமீட்டர் இறங்கும். நடந்தால் தெரியாது, தண்ணீர் ஓடிவிடும். மண்ணை நன்றாகத் திமிசு போட்டு இறுக்கி, மேலே பாலிதீன் விரித்து, அதன்மேல் கான்கிரீட் போட்டால் ஓதம் ஏறாது. தரைமேல் எபாக்ஸி என்ற பிசின் பூச்சைப் பூசுவதாக இருந்தால், முதல் நாள் மாலை ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நான்கு விளிம்பையும் டேப்பால் ஒட்டிவிட்டு, மறுநாள் எடுத்துப் பார். அடியில் ஈரம் பூத்திருந்தால் இன்னும் காயவில்லை என்று பொருள். அந்த நிலையில் பூசினால் உரிந்துவிடும்.

இன்னொன்று. பிள்ளைகள் நாளைக்கு மின்சாரக் கார் வாங்கக்கூடும். 7.4 கிலோவாட் சார்ஜருக்கு 32 ஆம்பியர் தனி இணைப்பு தேவை. மெயின் போர்டிலிருந்து ஷெட் வரை அதற்கான குழாயை இப்போதே சுவருக்குள் பதித்துவிட்டால் பின்னால் எதையும் உடைக்க வேண்டியிருக்காது.

வேலை மேசை, அலமாரி பற்றியெல்லாம் கட்டி முடித்த பின் பேசிக்கொள்ளலாம். இப்போதைக்கு உன் வரைபடத்தின் நகல் ஒன்றை அனுப்பு. வீட்டின் தரைமட்டம், தெருவின் மட்டம், சமையலறை எந்தப் பக்கம் என்ற மூன்றையும் அதில் குறித்துவிடு. மேஸ்திரி அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடும் முன் பார்த்து எழுதிவிடுகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கங்கள்.

அன்புடன்,
உன் நண்பன்