புதன்கிழமை எடுத்த படங்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படங்களை எல்லாம் பார்த்தோம். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தார். ஏரி நடுவே தீவு, தீவில் அரண்மனை, படிக்கட்டில் வெள்ளை மயில். எதிர்வீட்டு அக்காவிடம் காட்டினேன், "மகராணி மாதிரி சுத்தி வருதே உங்க பொண்ணு" என்றார். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு படத்திலும் நீ இல்லையே? முன்பெல்லாம் கோபுரத்தையே மறைத்துக்கொண்டு நடுவில் நிற்பாய். படத்தைக்கூடச் சித்திக்குத்தான் முதலில் அனுப்பியிருக்கிறாய்.

மிலானிலிருந்து ரயில், ஸ்ட்ரெசாவில் படகு என்று எழுதியிருந்தாய். புதன்கிழமை போனதாகவும். புதன்கிழமை உனக்கு ஏது லீவு? அங்கே ஏதாவது பண்டிகையாக இருக்கும் என்கிறார் அப்பா. இருக்கலாம்.

அந்த ஐசோலா பெல்லா தீவு அரண்மனையை பொரோமியோ குடும்பத்தார் 1632இல் கட்ட ஆரம்பித்தார்கள் என்று படித்ததிலிருந்து அப்பாவுக்கு வாய் ஓயவில்லை. நம் திருமலை நாயக்கர் மகால் 1636. அங்கே வெறும் பாறைத் தீவுக்குப் படகு படகாக மண் கொண்டுபோய்ப் பத்து அடுக்குத் தோட்டம் போட்டிருக்கிறார்கள். இங்கே மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் தோண்டிய பள்ளம்தான் வண்டியூர்த் தெப்பக்குளம் ஆனது என்பார்கள். "அவங்க தண்ணி நடுவுல தங்களுக்கு வீடு கட்டிக்கிட்டாங்க, நம்ம நாயக்கர் தெப்பக்குளத்து நடுவுல மீனாட்சிக்கு மண்டபம் கட்டினார்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். தெப்பக்குளத்தில் இப்போது வைகைத் தண்ணீர் நிற்கிறது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது பையன்கள் கிரிக்கெட் ஆடிய இடம். தைப்பூசத் தெப்பத்துக்கு நீ வந்தும் எத்தனையோ வருஷமாகிவிட்டது.

எனக்கு அந்தக் கூழாங்கல் அறைகள்தான் மனசில் நிற்கின்றன. வெயிலுக்கு ஒதுங்குவதற்காகக் கீழ்த்தளத்தில் கட்டியது என்று எழுதியிருந்தாய். சுவர், கூரை எல்லாம் கறுப்பும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கல், வளைவு வளைவாகப் பதித்தது. அங்கேதான் நிறையப் படம் எடுத்திருக்கிறாய். ரொம்ப நேரம் இருந்தாயோ? மகாலுக்குக் கூட்டிப்போனால் சுண்ணாம்புத் தூணில் கன்னத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, "ஜில்லுன்னு இருக்கும்மா" என்று நகரவே மாட்டாய். மனசு சரியில்லாத அன்றைக்கு இன்னும் நேரமாகும். அங்கே கூட யாராவது இருந்தார்களா?

நேரத்துக்குச் சாப்பிடு. பருப்புப் பொடி தீர்ந்திருக்கும், ஆள் கிடைத்தால் கொடுத்துவிடுகிறேன். ரொட்டியைக் கடித்துவிட்டுப் படுக்காதே. வெளியே போனால் குல்லா போட்டுக்கொள். சாப்பிடு.

இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம். நகைக் கடன் முடிந்துவிட்டது, மாடி வாடகை வருகிறது, அப்பா பென்ஷனும் இருக்கிறது. அடுத்த மாதமும் வேண்டாம். இப்போதெல்லாம் பகலில் கூப்பிட்டாலும் உடனே எடுக்கிறாய். முன்பு "மீட்டிங்மா" என்று வைத்துவிடுவாய், எனக்குக் கோபம் வரும். இப்போது நீ எடுத்தால்தான் பயமாக இருக்கிறது. அப்பாவிடம் சொல்ல முடியாது என்றால் என்னிடம் மட்டும் சொல், நான் எதுவும் கேட்க மாட்டேன்.

மதுரைக்கு டிக்கெட் எவ்வளவு ஆகும் என்று தம்பியைப் பார்த்து வைக்கச் சொன்னேன். சும்மாதான்.

அம்மா