ஒரு பாபின் நூல் தீரும்வரை

வணக்கம். மதுரை ஒத்தக்கடையிலிருந்து உங்கள் டைலர் எழுதுகிறேன். ரெண்டு வருஷமாக "அண்ணே, ஜாக்கெட் ரெடியா?" என்று கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்பிப் போனவர்களுக்குத்தான் முதல் நன்றி. நீங்கள் வேறு கடை பார்த்துப் போயிருந்தால் நான் இன்றைக்கு மிஷினை விற்றிருப்பேன்.

என் கதை பாதிப் பேருக்குத் தெரியும். இடுப்பில் பிடித்து இடது கால் வரைக்கும் ஒரே இழுப்பு. ஸ்கேனில் முதுகெலும்பு ஜவ்வு பிதுங்கியிருக்கிறது என்று வந்தது, முதலில் காட்டிய இடத்தில் (பெயர் வேண்டாம், விடுங்கள்) அசையாமல் படு என்றார்கள், நானும் நல்ல பிள்ளையாக ரெண்டு மாதம் படுத்துக் கிடந்தேன். எழுந்தபோது வலி அப்படியே இருந்தது, காலில் இருந்த பலம்தான் போயிருந்தது.

பக்கவாதம் வந்த எங்கள் பெரியம்மாவுக்கு, 2021-ல் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுப்பார் ஒரு பிசியோ தங்கச்சி. அவர் ஒருநாள் வாசலில் நான் சுவரைப் பிடித்து நடப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றுக்குப் போவதில் சிரமம் இருக்கிறதா, உட்காரும் இடத்தில் மரத்துப் போகிறதா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்ற பிறகுதான் அவர் முகமே தெளிந்தது. கையோடு பெரியாஸ்பத்திரி பிசியோதெரபி பிரிவுக்குப் போகச் சொன்னார். அவர் அன்று பேசாமல் போயிருந்தால் நான் இன்னும் சுவரைத்தான் பிடித்திருப்பேன்.

பெரியாஸ்பத்திரியில் என்னைப் பார்த்த மேடத்துக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஸ்கேனைப் பார்த்துவிட்டு, வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் இந்த வயதில் இப்படிப் பிதுங்கல் இருக்கும், படத்தைப் பார்த்துப் பயப்படாதீங்க என்றார். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற வலி வேறு ரகமாம். "திருடன் வந்தப்ப குரைச்ச நாய்ண்ணே அது. இப்ப பால்காரர் வந்தாலும் குரைக்குது. நாயை அடிக்க முடியாது, பழக்கத்தான் முடியும்." கரண்ட் வைத்தால் சரியாகிவிடும் என்று நம்பிப் போன என்னிடம், அது கொஞ்ச நேரம் வலியை மட்டுப்படுத்தத்தான், வேலை செய்யப்போறது உங்க உடம்புதான் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

அப்புறம்தான் பாபின் விஷயம். மிஷினுக்கு அடியில் அடித்தையலுக்கு நூல் சுற்றி வைக்கிற குட்டி உருளைதான் பாபின். அரைமணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள் என்றால் தைக்கிறவனுக்கு ஏறுமா? கழுத்துப் பட்டி பாதியில் நிற்கும்போது எவன் கடிகாரம் பார்ப்பான்? மேடம் யோசித்து, "பாபின்ல நூல் எவ்வளவு நேரம் வரும்?" என்று கேட்டார். அன்றிலிருந்து பாபினில் பாதிதான் சுற்றுகிறேன். நூல் தீர்ந்து அடித்தையல் விழாமல் போனால் மிஷினே என்னை எழுப்பிவிட்டுவிடும். நாலடி நடந்து, இடுப்பில் கைவைத்துப் பின்னால் வளைந்து, வந்து மறுபடி சுற்றுவேன். வலிக்காத நாளிலும் பாதிதான், அதில் கறார். போன தீபாவளிக்குக் குஷியில் முழுசாகச் சுற்றி ராத்திரி ஒரு மணி வரை தைத்தேன், நாலு நாள் பாயை விட்டு எழவில்லை. திட்டுவார் என்று பயந்து போனால், "சரி, இனி பாபின் சொல்றதைக் கேளுங்க" என்று சிரித்துவிட்டார்.

கட்டிங் டேபிள் கால்களுக்குக் கட்டை அடித்து, குனியாமல் வெட்டுகிற உயரத்துக்கு ஏற்றிக்கொடுத்துக் கூலி வாங்க மறுத்த ஆசாரி அண்ணனுக்கு நன்றி. பெரியாஸ்பத்திரிக்குப் போகக் கோரிப்பாளையம் வரை ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியைப் பூப்போல ஏற்றி இறக்கிய ஷேர் ஆட்டோ தம்பிக்கும், பின்னால் ஹாரன் அடித்தவர்களுக்கு அவன் சொன்ன பதில்களுக்கும். முதலில் அஞ்சே நிமிஷம்தான் நடக்க முடிந்தது. கூட வந்த வாத்தியார் ஐயா ஒருநாளும் முந்தி நடந்ததில்லை, இப்போது யானைமலை அடிவாரத்தில் நரசிங்கம் கோவில் வரை போய் வருகிறோம். என்றாலும் அவர் பேசுகிற அரசியல்தான் இடுப்புவலியைவிடக் கஷ்டம்.

வீட்டம்மாவுக்குத் தனியாக. காலையில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவது அவள்தான். எட்டு வந்ததும் பால் பொங்குகிறதென்று அடுப்படிக்கு ஓடிவிட்டு, வந்து மறுபடி ஆறிலிருந்து ஆரம்பிப்பாள். கேட்டால் "மேடம்தான் கூட்டச் சொன்னாங்க" என்பாள்.

வலி போய்விட்டதா என்று கேட்காதீர்கள். இருக்கிறது. மழைக்கு முந்தின நாளும், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து எழுந்த பிறகும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் கடை தினமும் திறந்திருக்கிறது.

ஆவணி முகூர்த்தத்துக்குத் தைக்கக் கொடுப்பவர்கள் தயவுசெய்து இருபது நாள் முன்னாடியே கொடுத்துவிடுங்கள். அளவு ஜாக்கெட்டை மறக்காதீர்கள்.