பின்மூடியைத் திறந்து காட்டுங்கள்

பழைய கைக்கடிகாரங்களை ஏலம் விடும் நிறுவனத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் நான் ஏலத்தில் எடுத்த சீகோ பற்றி ஏற்கெனவே மூன்று கடிதம் எழுதிவிட்டேன். கதையை மறுபடி முதலிலிருந்து சொல்லப்போவதில்லை.

பின்மூடியில் 6119 என்ற மிஷின் எண் இருந்தது. வரிசை எண் 1இல் தொடங்கியது. சீகோவில் அந்த முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், அடுத்தது மாதம். 6119 வந்த காலத்தோடு வைத்துப் பார்த்தால் 1971. சரி, எல்லாம் பொருந்துகிறது என்று நம்பினேன். ரிப்பேர்காரர் மூடியைக் கழற்றினால் உள்ளே உட்கார்ந்திருப்பது 7009! தேய்மானம் குறையப் பதிக்கும் சிறு கற்கள் 21 இருக்க வேண்டிய இடத்தில் 17, அதுவும் பின்னால் வந்த மிஷின்.

திருப்பித் தருகிறேன் என்றால், "மூடியைத் திறந்துவிட்டீர்களே, விதிப்படி வாங்க முடியாது" என்கிறீர்கள். திறக்காமல் எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்துகொள்ளத் திறந்தால் எப்படித் திருப்புவது? இந்த விதியை எழுதியவரை ஒருமுறை நேரில் பார்த்துக் கும்பிட வேண்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். மூடியைத் திறந்து, மிஷின் எண் தெரிகிற மாதிரி ஒரு படம். ஏலத்துக்கு முன்பே.

உங்கள் வர்ணனைகளையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'ஸ்விஸ்' என்ற சொல்லுக்கு இருபுறமும் 'டி' போட்ட அறுபதுகளின் டயல் ஒன்று, "இருட்டில் இன்றும் விடிய விடிய ஒளிரும்" என்று உங்கள் பட்டியலில் இருக்கிறது. அந்த 'டி' ட்ரிடியம் ஐயா, டயல் ஒளிரப் பூசிய கதிரியக்கப் பொருள். பன்னிரண்டு வருடச் சொச்சத்தில் பாதியாகிவிடும். இத்தனை வருடம் கழித்து அப்படி ஜொலித்தால் யாரோ புதுப்பூச்சு பூசியிருக்கிறார்கள். குறையைச் சிறப்பம்சமாக அச்சடிக்க உங்களால்தான் முடியும். இன்னொன்றில் டயல் புள்ளிகள் பழுப்பு, முட்கள் பளீர் வெள்ளை. அதற்கு 'அழகான முதுமை' என்று பெயர். முட்களுக்கு மட்டும் வயதாகாது போல.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். பாகம் மாற்றியது குற்றமில்லை, பழைய கடிகாரம் என்றால் மாற்றித்தான் ஓட்ட வேண்டும். மாற்றியதைச் சொல்லிவிட்டு விற்றால் போதும். அடுத்த பட்டியல் வரும்போதாவது ஒவ்வொரு கடிகாரத்துக்கும் மூடி திறந்த படத்தைத் தயவுசெய்து சேருங்கள்.

என் 6119 மூடியின் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அதற்குள் இருந்த 7009இன் படத்தையும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன்