ஓடும் நாயின் காலை வெட்டாதீர்கள்

பழைய பிரிட்டிஷ் நகைச்சுவைப் படங்களை வட்டிலும் ஒளிபரப்பிலும் வெளியிடும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். 1934-இல் கெயின்ஸ்பரோ பட நிறுவனம் எடுத்த ‘வைல்ட் பாய்’ படத்துக்கு நீங்கள் வெளியிட்டிருக்கும் பிரதி பற்றியது இந்த மடல். சோனி ஹேல், ஃப்ளானகன், ஆலன் என்று நகைச்சுவை நடிகர்கள் எல்லாரும் இருந்தாலும் அந்தப் படத்தின் நாயகன் மிக் தி மில்லர்தான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 1929, 1930 என அடுத்தடுத்து ஆங்கில கிரேஹவுண்ட் டெர்பி என்ற நாய்ப் பந்தயத்தை வென்ற நாய். அதன் கால்களைத்தான் வெட்டியிருக்கிறீர்கள்.

ஏறத்தாழ 4:3 அளவில் எடுத்த படத்தை அகலத்திரைக்காக 16:9 ஆக்கினால், உயரத்தில் கால் பங்கு போய்விடும். ஆட்கள் நின்று பேசும் காட்சி என்றால் தலைக்கு மேலிருக்கும் வெற்றிடம் போகும், பொறுத்துக்கொள்ளலாம். பந்தயக் காட்சியில் பார்க்க வேண்டியதெல்லாம் கீழ்விளிம்பில் இருக்கிறது. நாய்கள் துரத்துவதற்காகத் தண்டவாளத்தில் ஓடும் மின்சாரப் பொம்மை முயலும், திருப்பத்தில் தரையைப் பற்றும் பாதங்களும் உங்கள் பிரதியில் இல்லை. ஆறு முதுகுகள் விரைகின்றன. எதைத் துரத்துகின்றன என்று தெரியவில்லை.

எஞ்சியதிலும் தூசி நீக்கும் மென்பொருள் கைவைத்திருக்கிறது. முன்பின் பிரேம்களில் இல்லாத எதையும் அது அழுக்கென்று முடிவுகட்டும். லண்டன் ஒயிட் சிட்டி பந்தய அரங்கில் 525 கஜத்தை 29.82 விநாடியில் கடந்த நாய் மிக். அந்த வேகத்தில் ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே 67 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். நீட்டிய முன்பாதமும் வால்நுனியும் ஒரே பிரேமில் தோன்றி மறையும். பொட்டுத் தூசி என்று அவற்றையும் துடைத்திருக்கிறீர்கள்.

போதாததற்கு, விநாடிக்கு 24 பிரேமில் எடுத்ததை 25-இல் ஓட்டியிருக்கிறீர்கள். குரல்களின் சுருதி ஏறியது ஒருபுறம். 29.82 விநாடி ஓட்டம் இந்தக் கணக்கில் 28.63 ஆகிவிடும். அந்த நாய் ஓடாத வேகத்தை அதன் தலையில் கட்டுவது நியாயமா?

வெட்டாத முழுப் படச்சட்டம், விநாடிக்கு 24 பிரேம், பந்தயக் காட்சிகளில் கையால் தூசி நீக்கம். இவை மூன்றும்தான் கோரிக்கை.

சிரிப்புப் படம்தானே, யார் கவனிக்கப்போகிறார்கள் என்ற எண்ணம் இந்தத் துறையில் நெடுநாளாக இருக்கிறது. முன்னணி இயக்குநர் படமென்றால் நெகடிவைத் தேடி ஊர் ஊராக அலைகிறீர்கள். நகைச்சுவைப் படத்துக்குக் கைக்குக் கிடைத்த தொலைக்காட்சி நாடாவே போதும் என்கிறீர்கள். ஒயிட் சிட்டி அரங்கை 1985-இல் இடித்தாகிவிட்டது. மிக்கின் பதப்படுத்திய உடல் இங்கிலாந்தின் ட்ரிங் அருங்காட்சியகத்தில் முழுதாக நிற்கிறது. ஆனால் அது அங்கே ஓடாது. ஓடுவதைப் பார்க்க இந்தப் படச்சுருளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். அந்தக் கால நைட்ரேட் படச்சுருள் சுருங்கியிருக்கும், அதன் ஓரத்துப் பல்துளை கிழிந்திருக்கும், ஸ்கேன் செய்யச் செலவாகும், தெரியும். முழுப் படத்துக்கும் இப்போது பணமில்லை என்றால் பந்தயக் காட்சிகள் உள்ள ரீல்களை மட்டுமாவது முதலில் எடுங்கள். அதுவும் முடியாவிட்டால், அடுத்த பதிப்பில் இருபக்கமும் கறுப்புப் பட்டை விட்டு முழுப் படச்சட்டத்தையும் தாருங்கள். அதற்குப் புதிய ஸ்கேன்கூட வேண்டாம், வெட்டாமல் இருந்தால் போதும்.

தயவுசெய்து ஆவன செய்யுங்கள்.

இப்படிக்கு,
பழைய படங்களின் பார்வையாளர்கள்