நட்சத்திரக் குறியும் காலி நாற்காலியும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் என் கண்தான். வலது கண்ணில் புரை எடுத்தார்கள், கொஞ்ச நாள் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இப்போது பரவாயில்லை, எழுத்து தெளிவாகத் தெரிகிறது. உன் மகள் ஆய்வுப் படிப்பில் சேர்ந்த செய்தி எனக்குப் பெரிய சந்தோஷம். அவளிடம் கட்டாயம் சொல்.

அப்புறம், நீ கோபமாக எழுதியிருந்த அந்த விஷயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள். வெளியுறவு முடிவு என்றால் அத்தனை பேரும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். ஒரு நாடு முடியாது என்றால் எல்லாம் நின்றுவிடுகிறது. அந்த வீட்டோவை எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டிருந்தாய். படுத்தே கிடந்த நாட்களில் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். உன் கோபம் நியாயம்தான். ஆனாலும் உன் முடிவுக்கு என்னால் வர முடியவில்லை.

ஹங்கேரியையே எடுத்துக்கொள். உக்ரைன் மேல் ரஷ்யா படையெடுத்த பிறகு, 2022 மே 4ஆம் தேதி ரஷ்ய எண்ணெய்க்குத் தடை போடலாம் என்று ஒன்றியத்தின் ஆணையம் முன்மொழிந்தது. ஹங்கேரிக்குக் கடற்கரை கிடையாது. அதன் எண்ணெயில் பெரும்பகுதி அப்போது ட்ருஷ்பா குழாய் வழியாக ரஷ்யாவிலிருந்து வந்தது, சுத்திகரிப்பு ஆலையும் அந்த எண்ணெய்க்கு ஏற்றபடி அமைந்தது. நாளைக்கே நிறுத்து என்றால் எந்த அரசும் தயங்கத்தான் செய்யும். மாதக் கடைசியில் கப்பலில் வருவதற்குத் தடை, குழாயில் வருவதற்கு விலக்கு என்று முடித்தார்கள். இதுவரைக்கும் எனக்குப் புரிகிறது. ஆனால் அதே தடைத் தொகுப்பிலிருந்து ரஷ்யத் திருச்சபைத் தலைவர் கிரிலின் பெயரையும் எடுக்கச் சொல்லி ஹங்கேரி எடுக்கவைத்ததே, அதற்கும் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்? எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

சைப்ரஸ் கதை இன்னும் வருத்தமானது. 2020 ஆகஸ்ட் 9 அன்று பெலாரஸில் தேர்தல். நீண்டகால அதிபர் லுகஷென்கோ ஜெயித்ததாக அறிவித்ததும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள், அடிபட்டார்கள், சிறைக்குப் போனார்கள். சம்பந்தப்பட்ட அதிகாரிகள் மேல் தடை போட வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை, சைப்ரஸுக்கும் இல்லை. ஆனால் தன் கடற்பகுதியில் துருக்கி துரப்பணக் கப்பலை அனுப்புகிறதே, அதற்கு முதலில் வழி சொல்லுங்கள் என்று சைப்ரஸ் கையெழுத்தை நிறுத்திவைத்தது. பிரிட்டனும் கனடாவும் செப்டம்பர் கடைசியிலேயே தடையை அறிவித்துவிட்டன. ஒன்றியம் 40 பேர் மேல் தடை போட அக்டோபர் 2 ஆகிவிட்டது. 1974இலிருந்து தீவின் வடக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துருக்கியிடம் பறிகொடுத்த வலியோடு வாழும் நாட்டின் அச்சத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் அந்த வாரங்களில் பெலாரஸ் தலைநகர் மின்ஸ்க் சிறைகளில் இருந்தவர்கள் அதற்கு என்ன செய்வார்கள்?

இதே சைப்ரஸ் வேறு மாதிரியும் நடந்துகொண்டிருக்கிறது. 2008 பிப்ரவரியில் கொசோவோ செர்பியாவிலிருந்து பிரிந்து தனி நாடாக அறிவித்துக்கொண்டது. ஸ்பெயின், கிரீஸ், ருமேனியா, ஸ்லோவாக்கியா, சைப்ரஸ் ஆகிய ஐந்தும் அதை இன்றுவரை ஏற்கவில்லை. தன் பகுதியான கட்டலோனியா நாளைக்கு இதையே கேட்டால் என்ன சொல்வது என்பது ஸ்பெயினின் கவலை, வடக்குப் பகுதி கேட்டால் என்பது சைப்ரஸின் கவலை. ஆனால் அங்கே நீதிமன்றம், காவல்துறை அமைக்க ஒன்றியம் குழு அனுப்ப முடிவெடுத்தபோது, சைப்ரஸ் தடுக்கவில்லை. நான் இதில் சேரவில்லை, நீங்கள் செய்யுங்கள் என்று ஒதுங்கி நின்றது. ஒன்றிய ஒப்பந்தத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. குழுவும் போய்ச் சேர்ந்தது.

கொசோவோ பெயர் ஒன்றிய ஆவணங்களில் எப்படி அச்சாகிறது என்று பார்த்திருக்கிறாயா? பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி. கீழே போய்ப் பார்த்தால், இந்தப் பெயர் அதன் நிலை பற்றிய எவருடைய நிலைப்பாட்டையும் பாதிக்காது என்று ஒரு அடிக்குறிப்பு. 2012இல் பேசி முடித்த ஏற்பாடு அது. பலர் அதைக் கோழைத்தனம் என்பார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஒத்துப்போகாதவர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து வேலை பார்க்க அந்த ஒரு குறி போதுமாக இருந்திருக்கிறது.

சரி, வீட்டோவை எடுத்துவிட்டுப் பெரும்பான்மைக்கு விட்டால்? ஒன்றியக் கணக்கில் 55 சதவீத நாடுகள், 65 சதவீத மக்கள்தொகை சேர்ந்தால் முடிவு. ரஷ்யாவை ஒட்டிய எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றையும் கூட்டினால் 60 லட்சம் பேர். மொத்தம் 45 கோடி. ரஷ்யாவைப் பற்றி ஆண்டுக்கணக்கில் எச்சரித்தவர்கள் அவர்கள்தான். 2014இல் உக்ரைனின் கிரிமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்ட பிறகும் ஜெர்மனி 2018இல் ரஷ்ய எரிவாயுவுக்கான நார்ட் ஸ்ட்ரீம் 2 குழாய் பதிக்கவிட்டது, 2021இல் பதித்தும் முடித்தார்கள். அது ஓட்டுக்கு வந்த விஷயமில்லை என்பது வேறு. ஆனால் தூரத்தில் இருக்கும் பெரிய நாட்டுக்குத் தெரியாதது பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரியும். அவன் வாயை அடைத்துவிட்டு எடுக்கும் முடிவை நான் நம்ப மாட்டேன்.

2023 டிசம்பர் 14 இரவை நினைத்துப் பார். உக்ரைனோடு உறுப்பினர் பேச்சைத் தொடங்குவதா என்று பிரஸ்ஸல்ஸில் முடிவெடுக்க வேண்டும். ஹங்கேரியின் அப்போதைய பிரதமர் ஓர்பான் ஒத்துக்கொள்ளவில்லை. ஜெர்மனியின் அப்போதைய அரசுத் தலைவர் ஷோல்ஸ் யோசனை சொல்ல, ஓர்பான் எழுந்து வெளியே போனார். நாற்காலி காலி. மற்ற 26 பேரும் முடிவெடுத்துவிட்டார்கள். ஆனால் அதே இரவில் உக்ரைனுக்கு 5,000 கோடி யூரோ என்று வந்தபோது ஓர்பான் நாற்காலியில் இருந்தார், தடுத்தார். 2024 பிப்ரவரி 1 வரை அது இழுத்தது. ஒதுங்கி நிற்பதால் தனக்குச் செலவு இல்லாத இடத்தில் ஒதுங்குகிறார்கள், பணம் என்றால் ஒதுங்க மறுக்கிறார்கள்.

அதனால் வீட்டோ இருக்கட்டும், ஆனால் பேசுகிற விஷயத்துக்குள் தன் நாட்டுக்கு என்ன பாதிப்பு என்று எழுத்தில் சொல்லிவிட்டுத்தான் அதைப் பயன்படுத்த வேண்டும் என்று விதி வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஹங்கேரியின் எண்ணெய் அதில் தேறும், கிரிலின் பெயர் தேறாது. இதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று நீதான் சொல்ல வேண்டும். உன் மகளிடமும் காட்டு, அவள் படிப்பதும் இதுதானே.

அன்புடன்,
உன் பழைய நண்பன்