கங்கைகொண்ட சோழபுரத்தில் தனியே வரும் பயணியருக்கு நடைவழியும் அடிப்படை வசதிகளும் கோரும் மனு

அனுப்புநர்:
பள்ளி ஆசிரியை ஒருவர்
(பெயர், முகவரி, தொடர்பு எண் ஆகியவை தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
அரியலூர்.

பொருள்: கங்கைகொண்ட சோழபுரம் பெருவுடையார் கோயிலிலிருந்து மாளிகைமேடு அகழாய்வுத் தளம் வரை விளக்கப் பலகைகளுடன் நடைவழி அமைத்தல், தனியே வரும் பயணியருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வேண்டிய வசதிகளைச் செய்து தருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். நான் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கும் ஆசிரியை. சோழர் வரலாற்றை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்திவந்தாலும், முதலாம் இராசேந்திர சோழர் எழுப்பிய தலைநகரை நேரில் காணும் வாய்ப்பு எனக்கு அண்மையில்தான் அமைந்தது. குடும்பத்தாரோ சக ஆசிரியர்களோ உடன் வராமல், நானே திட்டமிட்டுத் தனியாக மேற்கொண்ட முதல் பயணம் அது. கோயிலைக் கண்குளிரக் கண்டேன். ஆனால் அந்தக் கோயில் எந்த நகரத்துக்காக எழுந்ததோ, அந்த நகரத்தைத் தனியாக வருபவர் கண்டு புரிந்துகொள்ள இன்று போதிய வழியில்லை என்பதே என் அனுபவம். அந்த வழியை அமைத்துத் தருமாறு வேண்டி இம்மனுவைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

தஞ்சையிலிருந்து தலைநகரம் இங்கு மாறிய கி.பி. 1025 அளவிலிருந்து, சோழப் பேரரசு முடிவுக்கு வந்த 1279 வரை, ஏறத்தாழ 250 ஆண்டுகள் இந்த மண்தான் சோழர்களின் தலைநகரமாக இருந்தது. கோயிலுக்குத் தென்மேற்கே இரண்டு கிலோமீட்டர் அளவில், உட்கோட்டை ஊரையொட்டி இருக்கும் மாளிகைமேட்டில்தான் அரண்மனை இருந்தது. நகரைச் சூழ்ந்திருந்த கோட்டைச் சுவர், சுட்ட செங்கல்லால் இரண்டு சுவர்கள் எழுப்பி நடுவே மணல் நிரப்பிக் கட்டப்பட்டது. இராசராசன் பெருவழி, இராசேந்திரன் பெருவழி, வேம்புகுடி வாசல் என்று நகரின் சாலைகளையும் வாயில்களையும் கல்வெட்டுகள் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. இன்று அவற்றின் மேல் வயல்களும் முந்திரித் தோப்புகளும் வீடுகளும் இருக்கின்றன. கோயில் கல்லால் ஆனது, அதனால் நின்றது. நகரம் செங்கல்லாலும் மரத்தாலும் ஆனது. அதனால் மண்ணுக்குள் போயிற்று. கோயிலும் முழுதாகத் தப்பிவிடவில்லை. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது அதன் திருச்சுற்று மதிலின் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள்.

ஆகவே இங்கு வரும் ஒருவர் கண்முன் காண்பது நகரத்தின் ஒரு பகுதியை மட்டுமே. மீதியை யாராவது சொல்ல வேண்டும். குழுவாக வருபவர்களுக்கு வழிகாட்டி ஒருவர் உடன் இருப்பார். காரில் வருபவர்களுக்கு ஓட்டுநர் விசாரித்துக் கொண்டுபோய்விடுவார். பேருந்தில் தனியாக வந்து இறங்குபவருக்கு அந்த இடம் தானே வாய்திறந்து சொன்னால்தான் உண்டு. தனியாக முதன்முதலாகப் புறப்படும் ஒருவர் பெரும்பாலும் இத்தகைய ஊரைத்தான் தேர்ந்தெடுப்பார் என்பதையும் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். சென்னையையும் கும்பகோணத்தையும் இணைக்கும் சாலையின் மேலேயே கோயில் இருக்கிறது. ஜெயங்கொண்டம் பக்கத்தில் இருக்கிறது. காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படக்கூடிய தூரம் பலருக்கு. கோயிலோ, 2004ஆம் ஆண்டு முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இருப்பது. தயங்கித் தயங்கி முதல் அடி எடுத்துவைக்கும் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இருக்காது என்றே நான் நம்புகிறேன்.

என் பயணத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோயிலுக்குள் எனக்கு எந்தக் குறையும் இல்லை. சிவனடியாரான சண்டேசருக்கு இறைவன் தம் கையாலேயே கொன்றை மாலை சூட்டும் சிற்பத்தின் முன் நின்று, மாலை சண்டேசரின் தலையைச் சுற்றி வரும் விதத்தையும், குனிந்த அந்தத் தலையின் அடக்கத்தையும், கைகூப்பிய விரல்களையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவசரப்படுத்த ஆளில்லாமல் வந்தவருக்குக் கிடைக்கும் பேறு அது. சிங்கக்கிணற்றையும் அப்படியே நின்று நிதானமாகப் பார்த்தேன். அதன் பிறகு மாளிகைமேட்டுக்குப் போக வேண்டும் என்று கிளம்பியபோதுதான் திகைப்பு தொடங்கியது. கைப்பேசியின் வரைபடம் ஒரு பாதையைக் காட்டியது. அந்தப் பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் எந்தப் பக்கம் திரும்புவது என்று எனக்குத் தெரியவில்லை. மதிய வெயிலில் சாலையில் ஆள் நடமாட்டமும் இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "தனியாவா வந்த? இப்படியே போம்மா, மேடு தெரியும், செங்கல் சுவரு இருக்கும்" என்று கை காட்டினார். அவர் அங்கு இல்லாதிருந்தால் திரும்பிப் பேருந்து நிறுத்தத்துக்கே வந்திருப்பேன். என்னைப் போல் எத்தனை பேர் அப்படித் திரும்பியிருப்பார்களோ என்ற எண்ணம்தான் இம்மனுவை எழுதவைத்தது.

மாளிகைமேட்டில் நான் கண்டது பாதி மட்டுமே என்று பின்னர் படித்தபோது தெரிந்துகொண்டேன். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அங்கு 1980 முதல் பல கட்டங்களாக அகழாய்வு செய்திருக்கிறது. 2021இல் மீண்டும் பணி தொடங்கியது. அரண்மனையின் தூண்கள் மரத்தால் ஆனவை. அவை கருங்கல் பீடங்களின் மேல் நிறுத்தப்பட்டிருந்தன. அவற்றில் சில பீடங்கள் அன்று வைத்த இடத்திலேயே இன்றும் இருக்கின்றன. கூரை, சுண்ணாம்புச் சாந்தில் பதித்த சிறிய தட்டை ஓடுகளால் வேயப்பட்டது. மரங்களை இணைத்த இரும்பு ஆணிகளும், சீனப் பீங்கான் ஓடுகளும் அங்கே கிடைத்துள்ளன. செங்கல் சுவரின் அடிவரிசைகளையும் ஒரு கல்லையும் பார்த்துக்கொண்டு நான் நின்றபோது, அந்தக் கல்லின் மேல் ஒரு மரத்தூண் நின்றது, அதன் மேல் ஓட்டுக்கூரை இருந்தது, கடல் கடந்து வந்த பீங்கானில் யாரோ உணவுண்டார்கள் என்பதை எனக்குச் சொல்ல அங்கு எவரும் இல்லை. தூண் எப்படி நின்றது என்று காட்டும் ஒரு கோட்டோவியம், கண் மட்டத்தில் ஒரு பலகையில் இருந்திருந்தால் போதும். அதைப் பார்த்த எவரும் அந்த இடத்தை வெறும் செங்கல் குவியல் என்று எண்ணிக் கடந்துபோக மாட்டார்கள்.

எனவே என் முதன்மையான வேண்டுகோள் நடைவழி. கோயில் வாயிலில் தொடங்கி மாளிகைமேட்டில் முடியும் ஒரு பாதையைத் தெரிவு செய்து, பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் திசையையும், இன்னும் எத்தனை நிமிட நடை என்பதையும் குறிக்கும் சிறு கல் நட வேண்டுகிறேன். எழுத்து முதலில் தமிழில் இருக்கட்டும். பிற மொழிகள் அதன் கீழே வரட்டும். வழியில் இருக்கும் ஊர்களின் எல்லையில், அந்த இடம் பழைய நகரத்தின் எப்பகுதியாக இருந்தது என்பதைத் தொல்லியல் துறை உறுதி செய்த அளவுக்கு மட்டும் இரண்டு மூன்று வரிகளில் எழுதி வைக்கலாம். உறுதியாகாத கதைகளை எழுதிவைப்பதைவிட எழுதாமல் விடுவது மேல். பாதை நெடுக வேம்பும் புங்கனும் நட்டால், சில ஆண்டுகளில் வெயிலுக்கு அஞ்சாமல் நடக்கலாம். புதிதாகச் சிமெண்டுத் தரை போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஊர் மக்கள் அன்றாடம் நடக்கும் பாதையே போதும், அதைப் பயணியும் நம்பி நடக்கக்கூடியதாக ஆக்கினால் சரி.

இந்த வழியைப் பின்னாளில் சோழகங்கம் ஏரிக்கரை வரை நீட்டவும் ஆவன செய்ய வேண்டுகிறேன். கங்கை நீரைக் கொண்டுவந்து ஊற்றிய வெற்றியின் நினைவாக வெட்டப்பட்ட அந்த ஏரியை, நீராலான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகிறது. பொன்னேரி என்று மக்கள் அழைக்கும் அதன் கரை, வடக்கு தெற்காக 16 மைல் நீண்டிருந்ததாக 19ஆம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று கூறுகிறது. ஒரு தலைநகரம் தன் வெற்றிச் சின்னமாகக் கல்தூண் நடாமல் உழவருக்கு ஏரி வெட்டியது என்பதை ஒரு மாணவி அந்தக் கரையில் நின்றே படிக்க வேண்டும் என்பது ஆசிரியையாக என் ஆசை. ஏரியைச் சீரமைக்கவும், இங்கு அருங்காட்சியகம் அமைக்கவும் அரசு முன்வந்திருப்பது பெரும் மகிழ்ச்சி அளிக்கிறது. அப்பணிகள் நடக்கும் இந்தக் காலமே நடைவழிக்கும் உகந்தது என்று கருதுகிறேன். எல்லாம் கட்டி முடித்த பிறகு இணைப்புப் பாதையைப் பற்றி யோசித்தால் செலவும் கூடும், அருங்காட்சியகம் ஒரு பக்கமும் அகழாய்வுத் தளம் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நின்றுவிடும்.

அடுத்து, வெளியில் சொல்லத் தயங்கும் சில தேவைகள். தனியாக வரும் பெண் குடிக்க வேண்டிய தண்ணீரைக் குடிக்காமல் நாளைக் கழிக்கிறாள் என்றால், அதற்குக் காரணம் போகும் வழியில் கழிப்பறை இருக்குமா என்ற கவலைதான். மாளிகைமேட்டுக்கு அருகில், தண்ணீர் வசதியும் உள்தாழ்ப்பாளும் உள்ள ஒரு கழிப்பறையும், குடிநீர்க் குழாயும் வேண்டும். அதைத் தூய்மையாக வைத்திருக்கும் பொறுப்பை உள்ளூர் மகளிர் சுயஉதவிக் குழுவிடம் ஊதியத்துடன் ஒப்படைக்கலாம். கோயிலின் அருகில் பைகளைப் பாதுகாப்பாக வைத்துச் செல்ல ஓர் அறையும் தேவை. நால்வர் சேர்ந்து வந்தால் ஒருவர் பையைப் பார்த்துக்கொள்வார். தனியே வந்தவர் சுமையைத் தோளில் போட்டுக்கொண்டேதான் வெயிலில் நடக்க வேண்டியிருக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் ஜெயங்கொண்டம், கும்பகோணம் செல்லும் பேருந்துகளின் நேரத்தையும், கடைசிப் பேருந்து எப்போது என்பதையும் எழுதி வைப்பது மிக முக்கியம். கடைசிப் பேருந்தின் நேரம் உறுதியாகத் தெரிந்தால்தான் மாலை வெளிச்சத்தில் கோயில் விமானம் நிறம் மாறுவதை நின்று பார்க்க மனம் வரும். தெரியாவிட்டால் மூன்று மணிக்கே நிறுத்தத்தில் போய் நிற்கத்தான் தோன்றும்; நானும் அப்படித்தான் நின்றேன். அதே பலகையில் பெண்கள் உதவி எண் 181, அவசர உதவி எண் 112, அருகிலுள்ள காவல் நிலையத்தின் எண் ஆகியவையும் இடம்பெறலாம்.

உட்கோட்டை முதலிய ஊர்களில் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் இளம்பெண்களுக்குத் தொல்லியல் துறையின் வழியாகப் பயிற்சி அளித்து, வழிகாட்டிகளாக அடையாள அட்டையும் நிர்ணயித்த கட்டணமும் வழங்கினால், வருபவருக்கும் துணை, ஊருக்கும் வருமானம். அந்தப் பாட்டியின் பேத்தி வயதில் ஒரு பெண் என்னோடு நடந்து அந்தக் கல்பீடத்தைச் சுட்டிக் காட்டியிருந்தால், நான் பாதி மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்க மாட்டேன்.

இவற்றில் எந்தப் பணியும் ஒரே துறையின் கையில் இல்லை என்பதை அறிவேன். கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. மாளிகைமேட்டு அகழாய்வு மாநிலத் தொல்லியல் துறையின் பணி. சாலை நெடுஞ்சாலைத் துறையைச் சார்ந்தது. பேருந்து போக்குவரத்துக் கழகத்தைச் சார்ந்தது. ஊர்ப் பாதை ஊராட்சியைச் சார்ந்தது. 1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடைசெய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகவும் வரையறுக்கின்றன. எனவே கழிப்பறை, பை வைக்கும் அறை போன்ற கட்டுமானங்களுக்கு இந்த எல்லைகளைக் கருத்தில் கொண்டு இடம் தேர்ந்தெடுத்து, வேண்டிய இடத்தில் உரிய அனுமதியும் பெற வேண்டியிருக்கும். இத்தனை துறைகளையும் ஒரே மேசையில் அமரவைக்கக்கூடியவர் மாவட்டத்தில் தாங்கள் ஒருவரே என்பதால்தான் இம்மனுவைத் தங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன். எந்தப் பாதையை எடுப்பது என்பதை முடிவு செய்யும் முன் அந்தந்த ஊர் மக்களின் கருத்தைக் கேட்கவும், அவர்களுடைய வயலுக்கும் வீட்டுக்கும் போகும் வழி எங்கும் அடைபடாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டுகிறேன். அந்த நிலத்தடியில் இருக்கும் நகரத்தின் மேல் வாழ்பவர்கள் அவர்கள். அவர்களுக்கு இடையூறாக ஒரு பாதை வருவதை நான் விரும்பவில்லை.

இராசேந்திர சோழர் பிறந்த ஆடித் திருவாதிரை நாள் இங்கு அரசு விழாவாகக் கொண்டாடப்படுகிறது. எல்லாப் பணிகளும் ஒரே ஆண்டில் முடிய வேண்டும் என்று கேட்பது முறையாகாது. ஆயினும், திசைகாட்டும் கற்களும், மாளிகைமேட்டு விளக்கப் பலகையும், பேருந்து நேரப் பலகையும் பெருஞ்செலவு பிடிக்காதவை. அவற்றை மட்டுமாவது அடுத்த ஆடித் திருவாதிரைக்கு முன்பாக அமைத்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நான் நடந்த வழியை, பாதை பிரியும் இடங்களைக் குறித்துக் கையால் வரைந்த வரைபடமாகவும், அந்தந்த இடங்களின் ஒளிப்படங்களாகவும் இம்மனுவுடன் இணைத்துள்ளேன். பலகைகளுக்கான தமிழ் வாசகங்களை எழுதவோ, கள ஆய்வின்போது அலுவலர்களுடன் நடந்து வரவோ தாங்கள் பணித்தால், விடுமுறை நாட்களில் ஊதியம் எதுவும் எதிர்பாராமல் வந்து செய்து தர ஆயத்தமாக இருக்கிறேன். இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை இணைப்பில் உள்ள முகவரிக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: மனுதாரர் விவரத் தாள், கைவரைபடம், ஒளிப்படங்கள்